மாடத்தியக்காவும் ரயிலில் பிறந்த குட்டிகளும்

ஆட்டுக்குட்டி தகர டிரம்மில் போய் முட்டிக்கொண்டது. பின்வாங்கி நின்று, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, மறுபடியும் அதே டிரம்மில் முட்டியது. பால் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு மாடத்தியக்கா நாக்கைத் தட்டிக் கூப்பிட்டாள். சத்தம் வந்த பக்கம் அது திரும்பியது. ஆனால் பாட்டில் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியவில்லை. அக்கா அதன் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் நிமிர்த்தினாள். கண்ணின் கருமை போய், அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஒரு வெண்மை பரவியிருந்தது. கீழிமை வீங்கி, கன்னத்து மயிர் பீளையில் ஒட்டிக் கிடந்தது.

"ரெண்டு கண்ணும் போயிட்டா தம்பி?"

அழுகையில்லாமல் கேட்டாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

நான் பி.எஸ்ஸி. விலங்கியல். எங்கள் ஊரில் பட்டம் என்று ஒன்றை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டிய முதல் வீடு எங்கள் வீடுதான். பாளையங்கோட்டையில் படிக்கும்போது தவளையின் கண்ணை அறுத்துப் பார்த்து, அதன் ஒவ்வொரு படலத்துக்கும் பெயர் எழுதி, வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். உயிரோடு இருக்கிற கண்ணில் ஒரு நோய் வந்தால் என்ன செய்வது என்பது அந்தப் பாடத்தில் இல்லை. பம்பாய்க்கு வந்து, சயானில் ஒரு மருந்து மொத்தக்கடையில் வேலையில் சேர்ந்து, தாராவியில் அக்கா குடியிருந்த சாலிலேயே, ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டிய அந்தக் கட்டடத்தில், அடுத்த அறையில் தங்கியிருந்தேன். அறுபத்தாறாம் வருஷத்துக் கோடை அது. மழை இன்னும் வரவில்லை. ஈ மட்டும் வந்திருந்தது.

மாடத்தியக்கா நாங்குநேரிப் பக்கம். கல்யாணமான கையோடு புருஷன் தங்கபாண்டியுடன் பம்பாய்க்கு ரயிலேறியவள். அவர் தோல் கிடங்கில் பச்சைத் தோலுக்கு உப்புத் தடவுகிற வேலை பார்த்தார். அதிகம் பேசாத மனிதர். வேலை முடிந்து வந்தால் கைகளைத் தேங்காயெண்ணெயில் ஊறவைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். குழந்தை இல்லை. அந்தக் குறையைச் சாலில் யாரும் அவளிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல அவள் இடம் கொடுத்ததும் இல்லை.

பாந்த்ராவுக்கு அறுப்புக்கு வருகிற ஆடுகள் வடக்கேயிருந்து சரக்கு ரயிலில் வரும். அந்த நெரிசலில் சில சினையாடுகள் வழியிலேயே குட்டி போட்டுவிடும். தாய் அறுப்புக்குப் போய்விடும். ஈரம் காயாத குட்டியை வைத்துக்கொண்டு வியாபாரி என்ன செய்வான்? மேலப்பாளையத்து அபுதாஹிர் பாய் அப்படிப்பட்ட குட்டிகளைச் சாக்கில் போட்டு அக்காவிடம் கொண்டுவந்து விடுவார். அவள் பாட்டில் பால் கொடுத்து, குளிருக்குத் தன் பழஞ்சேலையில் சுற்றி வளர்ப்பாள். வளர்ந்தபின் பாதி பாய்க்கு, பக்ரீதுக்கு. மீதி, சாலுக்குப் பின்னால் இருந்த இசக்கியம்மன் பீடத்துக் கொடைக்கு நேர்ந்துகொண்டவர்களுக்கு. அவள் குட்டிகளுக்கு நல்ல பெயர் இருந்தது. ஊனம் இருக்காது, சொறி இருக்காது. கண் பழுதான கிடாவைப் பக்ரீதுக்கும் வாங்கமாட்டார்கள், கொடைக்கும் வெட்டமாட்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் பாய்க்கும் பூசாரிக்கும் ஒரே சட்டம்.

அவளுக்கு இன்னொரு பெயரும் இருந்தது. தாராவியில் எங்கள் சந்தில் பிறந்த குழந்தைகளின் கண்ணில் முதல் மை அவள் வைத்ததுதான். மாஹிம் கழியோரம் கரிசலாங்கண்ணி பறித்து வந்து, சாற்றில் துணியை நனைத்துக் காயவைத்துத் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, புகையைச் சட்டியில் பிடித்து, சுரண்டி எடுத்துச் சிரட்டையில் குழைத்து வைத்திருப்பாள். செவ்வாயும் வெள்ளியும் பொழுது சாய்கிற நேரத்தில் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வாசலுக்கு வருவார்கள். மை விஷயத்தில் வேதக்காரர், இந்து என்கிற பேச்சு கிடையாது. மாதா கோயில் பூசைக்குப் போகிற ரோசம்மாவும் வருவாள். பிள்ளைகளுக்கு வைத்து முடித்ததும் அதே சிரட்டையைக் குட்டிகளிடம் எடுத்துப் போவாள். பீடத்துக்கு நேர்ந்த குட்டி, அதன்மேல் கண்ணேறு படக்கூடாது.

அந்தக் கோடையில் அவளிடம் ஐந்து குட்டிகள் இருந்தன. பாய் கடைசியாகக் கொண்டுவந்த குட்டிக்கு வரும்போதே கண்ணில் தண்ணீர் வடிந்தது. ரயில் தூசி என்று நினைத்தாள். பிறகு அடுத்ததற்கு வந்தது. அடுத்து, டிரம்மில் முட்டிய இந்தச் சின்னவன். அதே வாரம் சந்துப் பிள்ளைகளுக்கும் கண்வலி வந்தது. காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறக்க முடியாமல் வீட்டுக்கு வீடு அழுகை.

பெரியநாயகம் அண்ணாச்சி தோல் கிடங்கில் மேஸ்திரி. சந்தில் தண்ணீர்ச் சண்டையிலிருந்து தாலிச் சண்டை வரை அவர்தான் தீர்ப்பு. அவருடைய பேரனுக்கும் கண் வீங்கியிருந்தது. ஒரு நாள் காலை, குழாயடியில் எல்லோரும் நிற்கும்போது அக்காவைக் கூப்பிட்டார்.

"ஏ மாடத்தி, ஒங்குட்டிக்கு வந்த நோக்காடு எம்பேரனுக்கு வந்திருக்கு. வார ஞாயிறு விட்டு அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள குட்டியளுக்குக் கண்ணு தெளிஞ்சா கெடக்கட்டும். இல்லைன்னா அம்புட்டையும் சாக்குல கெட்டி நானே பாந்த்ராவுக்கு அனுப்பிருவேன். தங்கபாண்டி எங்கிட்ட வேல பாக்கான்னு தாட்சண்யம் பாக்க மாட்டேன்."

ஒருத்தியும் அக்காவுக்காகப் பேசவில்லை. எல்லோர் வீட்டிலும் ஒரு சிவந்த கண் இருந்தது. அக்கா குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, தண்ணீர் பிடிக்காமலே திரும்பி வந்தாள்.

மறுநாள் நான் விடுப்பு எடுத்துக்கொண்டேன். பரேலில் மிருக ஆஸ்பத்திரி இருப்பது எனக்குத் தெரியும். எங்கள் கடையிலிருந்து அங்கே மருந்து போகும். சின்னவனைப் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள் என்பதால் சயானில் ரயிலேறினோம். அக்கா அதைச் சேலைத் தலைப்பில் சுற்றி, தலையைத் தோளில் சாய்த்து, பிள்ளையைப் போலத் தூக்கிக்கொண்டாள். ஒரு மராத்திக்கார அம்மாள் எழுந்து இடம் கொடுத்தாள். மாதுங்கா தாண்டியதும் தலைப்புக்குள்ளிருந்து 'மே' என்று சத்தம் வந்தது. அந்த அம்மாள் அக்காவையும் தலைப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். அக்கா அசையாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகைத் தட்டிக் கொடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நல்ல மனிதர். டார்ச் அடித்துப் பார்த்தார். கண் இன்னும் போகவில்லை, மேல்படலம் வெந்து மங்கியிருக்கிறது, விட்டால் புண்ணாகி ஓட்டை விழும் என்றார். வைத்தியத்தை ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார். நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் பீளையைத் துடைக்க வேண்டும். ஒரு கண்ணுக்கு எடுத்த பஞ்சு இன்னொரு கண்ணுக்கு ஆகாது. மஞ்சள் களிம்பை இமைக்குள் விட வேண்டும். வெயில் படாமல், ஈ மொய்க்காமல் இருட்டில் கட்ட வேண்டும். ஒரு குட்டியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அடுத்ததைத் தொடக்கூடாது. இந்த நோய் கையிலும் துணியிலும் ஈயிலும் ஏறித்தான் போகும் என்று அவர் இரண்டு தரம் சொன்னார்.

அக்கா ஒன்றையும் விடவில்லை. குட்டியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, இடது கையால் தாடையை ஏந்தி, கட்டைவிரலால் கீழிமையை இழுப்பாள். அங்கே ஒரு சிவந்த பள்ளம் தெரியும். அதில் அரிசி நீளத்துக்குக் களிம்பை விட்டு, இமையை மூடி, களிம்பு உருகுகிற வரை உள்ளங்கையால் பொத்திக்கொள்வாள். நான் பின்னங்கால்களைப் பிடித்துக்கொள்வேன். பிறகு எழுந்துபோய்க் கை கழுவுவாள். குழாய்த் தண்ணீருக்கு அடிபிடியான அந்தக் கோடையில், குடிக்க வைத்திருந்ததைக் கை கழுவக் கொட்டினாள். தங்கபாண்டி அண்ணன் அறையின் பின்பக்கத்துக்குச் சாக்குகளைத் தைத்துத் திரை போட்டார். அந்த இருட்டுக்குள் ஐந்து குட்டிகளும் நின்றன.

சின்னவனின் கண்ணில் நீர் வடிவது குறைந்தது. எனக்கு மார்பு நிமிர்ந்தது. ஆனால் சனிக்கிழமை பார்க்கும்போது நன்றாக இருந்த இன்னொரு குட்டி கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றது. மறுபடி கொதிதண்ணீர், பஞ்சு, களிம்பு. தெளிந்து வந்த முதல் குட்டிக்குச் செவ்வாய்க்கிழமை கழிந்ததும் மீண்டும் பீளை தள்ளியது. அக்கா என்னைப் பார்த்தாள். களிம்பு சரிதானா, டாக்டர் சொன்னதை நான் சரியாகத்தான் சொன்னேனா என்கிற கேள்வி அந்தப் பார்வையில் இருந்தது. டியூபை விளக்கடியில் பிடித்துத் தேதியைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. கண்கள்தான் சரியாகவில்லை. ஞாயிற்றுக்கிழமையோ நெருங்கி வந்துகொண்டிருந்தது. பெரியநாயகம் அண்ணாச்சி வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் சாக்குத் திரைக்கு முன்னால் நின்று ஒரு செருமல் செருமிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை அபுதாஹிர் பாய் வந்தார். சேதி அவர் காதுக்கும் போயிருந்தது. திரையை விலக்கி ஒவ்வொரு குட்டியாக வெளியே இழுத்து, முகத்தைத் தூக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். கடைசியாக ஓரத்தில் வைக்கோலைக் கடித்துக்கொண்டிருந்த கறுப்பு மூஞ்சிக் குட்டியை இழுத்தார். உடம்பு வெள்ளை. கழுத்துக்கு மேலே கரி பூசியதுபோல் கறுப்பு. அதன் கண்கள் இரண்டும் கழுவி வைத்த நாவற்பழமாக மின்னின.

"இது எப்படி தங்கச்சி தப்பிச்சிச்சு? இந்தக் கூட்டத்துலதானே கெடக்கு."

"அதுக்கென்ன, அது ராசா. மூஞ்சியே மைதான். அதுக்குப் போயி மை வச்சா எவ கண்ணுக்குத் தெரியப்போவுது? நான் அதுக்கு மட்டும் வைக்கிறதே..."

அவள் தன் வலதுகையை உயர்த்தி ஆட்காட்டி விரலைப் பார்த்தாள். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாமல் நகக்கண்ணில் எப்போதும் ஒரு கறுப்புக் கீற்று இருக்கும். நானும் அதையே பார்த்தேன். செவ்வாயும் வெள்ளியும் அவள் குட்டிகளுக்கு மை வைப்பதை நான் சாதாரண விஷயமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். களிம்பு மருந்து, அதற்குக் கை கழுவ வேண்டும். மை என்பது வெள்ளிக்கிழமைச் சடங்கு, அதற்குக் கை கழுவ யாரும் சொல்லவில்லை. கண் வெந்துபோன குட்டிக்குக் குளிர்ச்சி என்று அவள் இன்னும் கொஞ்சம் தாராளமாகவே வைத்தாள். ஒரு கண்ணில் தொட்ட விரல் சிரட்டைக்குப் போகும். சிரட்டையில் தொட்ட விரல் அடுத்த கண்ணுக்குப் போகும். அடுத்த முறை பிள்ளைகளுக்கு வைப்பதும் அதே சிரட்டையிலிருந்துதான்.

பாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. ஞாயிறன்று என்ன ஆனாலும் சொல்லி அனுப்பு என்றுவிட்டுப் போனார்.

அக்கா உள்ளே போய்ச் சிரட்டையை எடுத்து வந்து வாசற்படியில் வைத்தாள். அதை எறியவும் இல்லை, மூடவும் இல்லை. வெகுநேரம் அதன் எதிரே உட்கார்ந்திருந்தாள். நான் அவளிடம் மெதுவாகச் சொன்னேன். இனி மை வேண்டாம், நிறுத்திவிடுங்கள், களிம்பு வேலை செய்யும், ஞாயிற்றுக்கிழமைக்குள் பெரும்பாலும் தெளிந்துவிடும், பிள்ளைகளுக்கும் தானாகக் குறையும், யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. குழாயடியில் அன்று அவளுக்காக வாய் திறக்காதவர்களிடம் இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"ஏஞ்சலம்மா வீட்டு டப்பால இருக்கே தம்பி."

ஏஞ்சலம்மாள் ரோசம்மாவின் மகள். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளைக்கு நாற்பது நாள்கூட ஆகவில்லை. சந்திலேயே அந்தக் குழந்தையின் கண்தான் மோசம். திறப்பதே இல்லை. வெளியே தூக்கி வரக்கூடாது என்பதால் அக்கா தன் சிரட்டையிலிருந்து ஒரு பவுடர் டப்பா மூடியில் மையை வழித்துக் கொடுத்திருந்தாள். கண் குளிரட்டும் என்று ஏஞ்சலம்மாள் அதைக் காலையும் மாலையும் வைத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊசி போடுவார்கள் என்று ரோசம்மா தடுத்துவிட்டிருந்தாள்.

அக்கா எழுந்தாள். என்னையும் வரச் சொன்னாள். எதிர்வரிசையில் நாலாவது கதவு. அவ்வளவு தூரத்தை அவள் அத்தனை மெதுவாக நடந்து நான் பார்த்ததில்லை.

உள்ளே குழந்தை தொட்டிலில் அனத்திக்கொண்டிருந்தது. மூடிய இரண்டு இமைகளும் மையும் பீளையுமாகக் கறுத்திருந்தன. அக்கா வாசலிலேயே நின்று சொன்னாள்.

"எக்கா, அந்த மைய வைக்காதிய. ஆட்டுக்கண்ணுல தொட்ட வெரலு அது. எங்கையாலதான் இது எல்லா வீட்டுக்கும் வந்திருக்கு. பிள்ளைய இப்பவே ஆசுபத்திரிக்குத் தூக்குங்க."

ரோசம்மா முதலில் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் முகம் மாறியது. அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம்.

"பெத்தவளாட்டி நீ? பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

இத்தனை வருஷமாக யாரும் சொல்லாத சொல் அது. அக்கா தொட்டிலின் பக்கம் ஓரடி எடுத்து வைத்தாள். பிறகு தன் கையைப் பார்த்துவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

குழந்தையை நான்தான் வாங்கிக்கொண்டேன். ஏஞ்சலம்மாளும் ரோசம்மாவும் பின்னால் ஓடிவர, சயான் ஆஸ்பத்திரி வரை நடந்தே போய்விட்டோம். அங்கே இமையை விலக்கிப் பார்த்த டாக்டரம்மா, மை வைத்தது யார் என்று கேட்டாள். ரோசம்மா என்னைப் பார்த்தாள். பிறகு, "நாங்கதான்மா" என்றாள். உள்ளே கருவிழிக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை, இன்னும் சில நாள் விட்டிருந்தால் சொல்லமுடியாது என்றாள் அந்த டாக்டரம்மா.

இதை அக்காவிடம் சொல்ல நான் திரும்பி வந்தபோது அவள் அறையில் இல்லை. ஒவ்வொரு கதவாகப் போய்க்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாசலிலும் அதே பேச்சு, ஒரு சொல் கூடாமல் குறையாமல். சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒருத்தி தன் வீட்டு மை டப்பாவைக் கொண்டுவந்து அக்காவின் காலடியில் எறிந்தாள். அக்கா அதைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பெரியநாயகம் அண்ணாச்சி சாக்கும் கயிறுமாகவே வந்தார். பின்னால் சந்தே வந்தது. தங்கபாண்டி அண்ணன் குட்டிகளை வெளியே கொண்டுவந்து வெளிச்சத்தில் நிறுத்திவிட்டு, மேஸ்திரியின் முகத்தைப் பார்க்காமல் ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

"குட்டி பாவம் ஒண்ணும் செய்யல. நீதான்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வாரியாம?" என்றார் அண்ணாச்சி.

"ஆமா அண்ணாச்சி."

"அப்பம் சாக்குல ஆரக் கெட்டணும்? ஒன்னையா?"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னைய என்ன வேணும்னாலும் செய்யுங்க. தெரிஞ்சு செய்யல, தெரிஞ்ச பொறவு மறைக்கல. குட்டியப் பாத்துட்டு நீங்க சொன்னபடி சொல்லுங்க. தெளிஞ்சா கெடக்கட்டும்னுதான சொன்னிய?"

அவர் குனிந்தார். முதல் குட்டியின் முகத்துக்கு எதிரே கையை வீசினார். அது இமைத்துத் தலையைப் பின்னுக்கு இழுத்தது. அடுத்தது. அடுத்தது. கறுப்பு மூஞ்சி அவர் வேட்டியைக் கடிக்கப் பார்த்தது. சின்னவனிடம் வந்தார். அவர் வலப்பக்கம் கையை வீசினார். இமை மூடித் திறந்தது. இடப்பக்கம் வீசினார். குட்டி அசையவில்லை. இன்னொரு தரம், இன்னும் கிட்டத்தில் வீசினார். அந்தக் கண்ணின் நடுவே மிளகு அளவில் ஒரு வெள்ளைப் பூ விழுந்திருந்தது. ஆனால் அதைச் சுற்றிக் கருமை திரும்பியிருந்தது. குட்டி தலையைத் திருப்பி, எதிரே ஆடிய விரலைக் கண்டுபிடித்து, பாட்டில் என்று நினைத்து வாயில் கவ்விச் சப்பத் தொடங்கியது.

அண்ணாச்சி விரலை உருவிக்கொண்டு நிமிர்ந்தார். ஒரு நிமிஷம் அந்த ஈரவிரலை எங்கே துடைப்பது என்று தெரியாமல் அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி எங்க?" என்றார்.

தங்கபாண்டி அண்ணன் சொம்போடும் சோப்போடும் வந்தார். மேஸ்திரி எல்லோர் முன்னிலையிலும் முழங்கை வரை கழுவினார். சாக்கை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். அந்தச் சாக்கும் சில நாளில் திரையோடு சேர்த்துத் தைக்கப்பட்டது.

பூ விழுந்த சின்னவனைப் பாயும் கேட்கவில்லை, பீடத்துக்கும் யாரும் கேட்கவில்லை. அது அவளோடேயே கிழக்கிடாவாகி, சந்தில் கொம்பை ஆட்டிக்கொண்டு திரிந்தது.

செவ்வாயும் வெள்ளியும் அவள் வாசலுக்குப் பெண்கள் வருவது நின்றுபோயிற்று. பொழுது சாய்கிற அந்த நேரத்தில் அவள் எதையாவது இழுத்துப்போட்டுச் செய்துகொண்டிருப்பாள். மழைக்காலம் போனது. ரோசம்மா குழாயடியில் அவளோடு பேசத் தொடங்கியிருந்தாள், தண்ணீர் பற்றி மட்டும்.

தை பிறந்தபின் ஒரு வெள்ளிக்கிழமை, புதிதாகக் குடிவந்த கனகவள்ளி கைக்குழந்தையோடு அக்காவின் வாசலில் வந்து நின்றாள். நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரியும். சந்தில் அதைச் சொல்லாமல் யாரையும் குடிவைக்கமாட்டார்கள். "வெறுங்கண்ணோட வச்சிருக்கேன், மனசு கேக்க மாட்டேங்குது" என்றாள்.

அக்கா கை கழுவினாள். விளக்குச் சட்டியில் அன்றைக்குப் படிந்திருந்த கரியை ஒரு புதுக் குச்சியில் தொட்டாள். குழந்தையின் முகத்தை அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அதன் வலது காலைப் பிடித்து, உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்தாள். குச்சியை உடைத்து அடுப்பில் போட்டாள்.